டிக்கோயா வழியாக சியேனா

மச்சான்,

யாரும் நம்பாத கதை ஒன்றை இப்போது எழுதப்போகிறேன். ஹட்டன் பஸ் நிலையத்தின் நடுவில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன். இத்தாலியில் சியேனா என்று ஒரு பழைய நகரம் இருக்கிறது. அதைச் சுற்றிக் குன்றுக்குக் குன்று கோட்டை, மடம், மதில் சூழ்ந்த கிராமம். அவ்வளவையும் ஒரே பின்னேரத்தில், மூன்று சக்கரத்தில், கடல் தாண்டாமல் பார்த்துவிட்டு, விளக்கு வைப்பதற்குள் நம் நோர்வூட்டுக்குத் திரும்பி வந்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் நீங்கள். நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஆக, சாட்சிக்கு மிச்சம் நான் மட்டும். என் சாட்சிக்கு இந்தப் பக்கத்தில் என்ன மதிப்பு என்று உங்களுக்கே தெரியும்.

எழுத உட்கார வைத்தது ஒரு வாசம். காப்பி வாசம், மச்சான். எட்டுத் திக்கும் தேயிலை பார்த்துக்கொண்டு நிற்க, தோட்டத்து வரிசை வீடுகளான உங்கள் லயத்திலிருந்து, அதில் உங்கள் ஒற்றை அறைக் காம்பராவிலிருந்து, காப்பி வாசம் கிளம்பி முழு லயத்தையும் எழுப்புகிறது. உங்கள் மகள் கலா வந்திருக்கிறாள். இடுப்பு ஒடுங்கிய சின்னக் கூஜா ஒன்றை இத்தாலியிலிருந்து கொண்டு வந்திருக்கிறாள். அடுப்பில் வைத்தால் முதலில் முனகுகிறது, பிறகு இருமுகிறது, கடைசியில் தார் போல ஒன்றைக் கக்குகிறது. ஒரு வாய் குடித்தேன். மூன்று நாள் கண் மூடவில்லை. என் நிழல் எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

"தேத்தண்ணி வெளையிற ஊர்ல பொறந்துட்டு, இந்தக் கசாயத்துக்கா அவ்வளவு தூரம் போன?" என்று அக்கா மகளைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டபடியே இரண்டாவது கோப்பையை நீட்டினாள். உங்கள் மனைவி மாறவில்லை.

அந்த வாசம் மூக்கில் ஏறியதும் நான் உங்களோடு ஓட்டோவில் இருந்தேன்.

அன்றைக்கு டிக்கோயா ஆஸ்பத்திரியில் உங்களுக்குக் கிளினிக். இருதயம் பெருத்துவிட்டது என்று டொக்டர் ஏற்கனவே சொல்லியிருந்தார். அன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பார்க்க வேண்டியவர்களை இவர் பார்க்கும்படி செய்யுங்கள் என்றார். வெளியே வந்தேன். மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு, ஓட்டோவின் பின் இருக்கையில் நீங்கள் கவர்னர் மாதிரி உட்கார்ந்திருந்தீர்கள்.

"என்னா சொன்னாரு?"

"சுருட்ட விடச் சொன்னாரு மச்சான்."

"சுருட்ட விட்டு எட்டு வருஷம் ஆச்சே."

"அத அவருகிட்ட சொல்லல. சொன்னது பலிச்சிருச்சுன்னு சந்தோஷமா இருக்கட்டும்."

நீங்கள் சிரிக்கவில்லை. காது மந்தமானவர்களுக்கு முகத்தைப் படிக்கத் தெரியும். என் முகத்தைப் படித்து முடித்துவிட்டுத்தான் பேசினீர்கள்.

"கலாகிட்ட சொல்லிறாத. சொன்னா வந்துருவா."

வந்தால் திரும்பிப் போக முடியாது. அவளுடைய விசாக் காகிதங்கள் அங்கே ஏதோ ஒரு மேசையில் பாதி வழியில் கிடந்தன. அவை கைக்கு வருமுன் அந்த நாட்டை விட்டு ஒரு கால் வெளியே வைத்தாலும் கதவு சாத்திவிடும். படுக்கையில் கிடந்த ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. நான்கு வருஷம் அந்தக் காகிதத்துக்காகக் காத்திருந்தாள். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். உங்களைக் குடைந்தது வேறு.

"ஒன் போன்ல மொகம் பாத்து எப்ப பேசுனாலும் ரோட்டுல நின்னு பேசுறா மாப்ள. மழையில கொடையப் பிடிச்சுக்கிட்டு வெளிய நிக்கிறா. ஒன் இருப்பெடத்தக் காட்டு புள்ளன்னா, உள்ள சிக்னல் இல்லப்பாங்கிறா. ஒரு நாளு இல்ல, ரெண்டு நாளு இல்ல. எங்க போட்டு வச்சிருக்கானுங்களோ. நா ஒருக்கா அந்த எடத்தப் பாக்கணும். நல்ல எடம்னா இருக்கட்டும், நா ஒண்ணும் பேச மாட்டேன். இல்லன்னா ஒரு வார்த்த. ஒரே வார்த்ததான். வந்துருன்னு சொல்லிருவேன். சோறு இங்கயும் இருக்கு."

நான் சாவியைத் திருகினேன். என் ஓட்டோ வழக்கம்போல் மூன்று தடவை மறுத்து, நான்காம் தடவை மனம் இரங்கியது.

"அப்ப வாங்க, இத்தாலிக்குப் போவோம். சாயந்தரம் வந்துரலாம்."

"ஒனக்குப் பைத்தியம்."

"முன்னால டிக்கோயா, பின்னால சியேனா. கம்பியப் பிடிச்சுக்குங்க."

வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு மலை காட்டுவது என் பிழைப்பு. பழைய லயம் ஒன்றைக் காட்டி, கண்டி ராஜாவின் யானைகள் தங்கிய இடம் என்று சொல்லியிருக்கிறேன். இவ்வளவு சின்னக் கதவில் யானை எப்படி நுழைந்தது என்று ஒரு ஜெர்மன்காரி கேட்டாள். குனிந்து என்றேன். எழுதிக்கொண்டாள். அப்படிப்பட்ட வாய்க்கு, கலா அனுப்பிய நாற்பது படம் போதாதா? உங்கள் போனில் பொத்தான்கள் மட்டும்தான் இருந்தன. படமெல்லாம் என் போனுக்கு வரும். லீவு நாளில் இன்னொரு பெண்ணோடு பஸ் ஏறிப் போய்ப் பார்த்த இடங்கள் அவை. "அப்பாகிட்ட காட்டுங்க மாமா" என்று ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் அவள் குரல் இருக்கும். அந்தக் குரல் உங்கள் காதுக்கு எட்டாது. ஆகவே அதற்கு உரையெழுதும் உரிமை எனக்கு வந்து சேர்ந்தது.

முதல் நிறுத்தம் கோட்டை. வளைவில் ஓட்டோவை ஓரங்கட்டி, மலையுச்சியில் இருக்கும் துரை பங்களாவைக் கைகாட்டினேன். மற்றக் கையில் படம். குன்றின் தலையில் கிரீடம் வைத்ததுபோல் ஒரு மதில், பதினான்கு கோபுரம். ஊரின் பெயர் மொந்தெரிஜ்ஜோனி. இதைச் சொல்லிப் பழகியதில் என் கடைவாய்ப் பல் ஒன்று ஆடத் தொடங்கியது.

"இந்தா, நம்ம துரை பங்களா மாதிரின்னு வச்சுக்குங்க. ஆனா நம்ம பங்களாவ இதுக்கு முன்னால வச்சா கோழிக்கூடு."

"துரை மட்டுந்தானா மேல?"

"துரையா? ஊரே மேலதான் மச்சான். வீடு, கடை, கோயிலு, கெணறு, எல்லாம் மதிலுக்குள்ள."

நீங்கள் போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டீர்கள். கண்ணுக்கு அருகே கொண்டுபோய், தூரத்தில் பிடித்து, மறுபடி அருகே கொண்டு வந்தீர்கள்.

"தொழிலாளியுமா மேல?"

"தொழிலாளியும் மேல."

"தொழிலாளிய மேல வச்சிருக்கானா?"

எதிரிகள் ஏறி வரக்கூடாது என்றுதான் அந்தக் காலத்து ஆட்கள் குன்றின் உச்சியில் ஊர் கட்டினார்கள் என்று கலா ஒரு படத்துக்குக் கீழே விளக்கியிருந்தாள். அதை நான் சொல்லவில்லை. நம் தோட்டங்களில் மேலே துரை, நடுவில் கிளாக்கர், பள்ளத்தில் லயம். தலைமுறை தலைமுறையாக நாம் நிமிர்ந்து பார்த்தே பேசிய சனம். உயரத்தைப் பார்த்தால் நமக்கு உத்தியோகம்தான் தெரியும். நீங்கள் அந்தப் படத்தை அப்படித்தான் வாசித்தீர்கள். உங்கள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்த பிறகு, போரையும் எதிரியையும் இழுத்து நடுவில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

"கலா எங்க இருக்கா?"

கோட்டைக்குப் பக்கத்தில் என்றுதான் அவள் சொல்லியிருந்தாள். பக்கம் என்ன, உள்ளேயே வைத்துவிடுவோமே என்று எனக்குத் தோன்றியது.

"உள்ள. இடப்பக்கத்துலேர்ந்து நாலாவது கோபுரத்துக்கிட்ட."

நீங்கள் விரல் வைத்து எண்ணினீர்கள்.

அடுத்தது மடம். வெள்ளை அங்கி உடுத்த துறவிகள் மரங்களுக்கு நடுவில் நடந்துபோகிற படம். சரியாக அந்த நேரம் பள்ளிக்கூடம் விட்டது. மூடுபனிக்குள்ளிருந்து வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கவுன் என்று வரிசையாகப் பிள்ளைகள் இறங்கி வந்தார்கள்.

"பாத்தீங்களா, சின்ன சாமியாருங்க. இன்னைக்கு வெளிய விட்டுருக்காங்க."

"அந்தா வர்ற சாமியாரு ஐஸ்பழம் தின்னுது மாப்ள."

"விரதம் முடிஞ்சிருச்சு மச்சான்."

அப்போதுதான் முதல் தடவை சிரித்தீர்கள். சிரித்ததில் இருமல் வந்து, இருமலில் பயம் வந்து, நான் கண்ணாடியில் உங்களைப் பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

மூன்றாவது நிறுத்தத்தை நான் ஜோடிக்கவே தேவையிருக்கவில்லை. மூடிப்போன தேயிலைத் தொழிற்சாலை. நான்கு சுவரும் வரிசையாக உயர்ந்த ஜன்னல்களும் நிற்கின்றன, கூரை இல்லை, உள்ளே புல். படத்தில் சான் கல்கானோ மடம். நான்கு சுவர், உயர்ந்த ஜன்னல்கள், கூரை இல்லை, உள்ளே புல். நீங்கள் மாறிமாறிப் பார்த்தீர்கள்.

"கூரை எங்க?"

"மேல ஈயத் தகடு போட்டிருந்துச்சாம். மடத்துப் பெரியவரே வித்துட்டாராம்."

"இங்கயும் தகரத்தக் கழட்டிக்கிட்டுப் போனது வெளியாளு இல்லயே," என்றீர்கள். இத்தாலிக்காரர்கள் மேல் உங்களுக்கு அன்று ஒரு சொந்தம் பிறந்தது.

ஆனால் அதே மடத்துக்குப் பக்கத்துக் குன்றில், ஒரு சின்னக் கோயிலுக்குள், பாறையில் செருகிய வாள் ஒன்று இருக்கிறது. சண்டை போட்டு வெறுத்த ஒருவன், இனி வேண்டாம் என்று கல்லில் குத்திவிட்டுத் துறவியானானாம். அதைச் சொன்னதும் நீங்கள் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள்.

"கத்தி கல்லுல எறங்காது."

"படத்தப் பாருங்க மச்சான். பிடி மட்டும் வெளிய நிக்கிது."

"சிமெந்து வச்சுப் பூசியிருப்பான். நா முப்பது வருஷம் கவ்வாத்து வெட்டுனவன். எங்கிட்ட கத்தி கத சொல்லாத."

பதினான்கு கோபுரத்தை நம்பினீர்கள். ஐஸ்பழம் தின்னும் சாமியாரைக்கூட மன்னித்தீர்கள். படத்தில் இருந்த வாளை மட்டும் கடைசிவரை ஏற்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். தேயிலைச் செடியை இடுப்பளவுக்குச் சீவி எடுக்கும் அந்தக் கவ்வாத்துக் கத்தியால், நீங்கள் ஒரு நாள் கருங்கல் சுவரைக் குத்தியிருக்கிறீர்கள். கலா சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்த வருஷம். காம்பராவில் ஒரு கதவு, ஜன்னல் கிடையாது. பகலிலும் அடுப்புப் புகைக்குள் கண்ணைக் கசக்கிக்கொண்டு படித்தாள். துரையிடம் கேட்டால் அனுமதி வராது என்று, நீங்களே சுவரில் இறங்கினீர்கள். முதல் குத்தில் கத்தியின் முனை பறந்தது. பிறகுதான் கல் பெயர்க்கிற இரும்பு அலவாங்கைத் தேடி ஓடினீர்கள். அடுத்த நாள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் எல்லார் முன்னாலும் வைத்து உங்களுக்கு மூன்று நாள் வேலை இல்லை என்றார்கள். ஓட்டையை அடைக்கச் சொன்னார்கள். நீங்கள் அடைக்கவில்லை. முருகன் கலண்டர் ஒன்றைக் கொண்டுவந்து அதன்மேல் மாட்டினீர்கள். துரை வந்தார், சுவரில் முருகனைப் பார்த்தார், திருப்தியாகப் போனார். அவர் முதுகைத் திருப்பியதும் முருகன் இறங்குவார், வெளிச்சம் ஏறும். அவள் அந்த வெளிச்சத்தில் படித்துத் தேறினாள்.

கோட்டையும் மடமும் முடிந்து கிராமத்துப் படம் வந்தது. தேயிலை மாதிரியே மேடு பள்ளமாக வரிசை கட்டிய திராட்சைக் கொடிகள், குளிர்காலத்தில் வெட்டப்பட்டு மொட்டையாக நின்றன. நீங்கள் படத்தைப் பெரிதாக்கச் சொன்னீர்கள். இன்னும் பெரிதாக்கச் சொன்னீர்கள். வெட்டுவாயைப் பார்த்தீர்கள்.

"சாய்ச்சு வெட்டியிருக்கான். தண்ணி நிக்காது. நல்ல கையி."

அந்த முழு நாட்டிலும் உங்கள் கையெழுத்துக் கிடைத்தது அந்த ஒரு கொடிக்குத்தான்.

காசல்ரீ நீர்த்தேக்கத்தை ஒட்டி ஒரு கடையில் நிறுத்தி, தேத்தண்ணி வாங்கி வந்தேன். தண்ணீரின் மேல் பனி படுத்திருந்தது. நீங்கள் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குடிக்காமல் இருந்தீர்கள்.

"எல்லாம் சரி மாப்ள. ஒண்ணே ஒண்ணு சொல்லு. அவ படுக்குற எடத்துல ஜன்னல் இருக்கா?"

நான் போனைத் தேய்த்து அடுத்த படத்தைத் தேடினேன்.

"நா பொறந்த காம்பராவுல ஜன்னல் இல்ல. அவ பொறந்ததுலயும் இல்ல. பொறந்த அன்னைக்கு அவ பசிக்கு அழுதாளா பொகைக்கு அழுதாளான்னே எனக்குத் தெரியல. அங்க போயும் இருட்டுல கெடக்குறான்னா எதுக்கு? இருக்குன்னா இருக்குன்னு சொல்லு. இல்லன்னா போனப் போட்டுக் குடு, இப்பவே வரச் சொல்றேன்."

போன் என் கையில் இருந்தது. அவள் அறை எனக்குத் தெரியாது. நானும் பார்த்ததில்லை. உங்களுக்குக் காட்டாததை எனக்குக் காட்டுவாளா? தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வாழ்க்கையில் நான் சொல்லிப் பழகாத வார்த்தை அது.

"இருக்கு மச்சான்," என்றேன். தொடங்கிவிட்டால் நிறுத்தத் தெரியாத வாய். "மதில் செவத்துலயே அவளுக்குன்னு ஒரு ஜன்னல். ரெண்டு பலகக் கதவு, பச்ச பெயின்ட். தெறந்தா காலுக்குக் கீழ அந்தத் திராட்சத் தோட்டம். தொண்ணூறு மைலு தெரியும். நல்ல வெயில் நாள்ல நம்ம சிவனொளிபாத மலை தெரியும்னு சொன்னா."

"மலைய விடு," என்றீர்கள். "ஜன்னல் இருக்குல்ல?"

"இருக்கு."

நீங்கள் தேத்தண்ணியைக் குடித்தீர்கள். ஆறிப்போயிருந்தது. ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, "சரி, வீட்டுக்குப் போவோம்" என்றீர்கள்.

அவளுக்கு அந்த ஒரு வார்த்தையை நீங்கள் சொல்லவில்லை. அடுத்த கிழமை பேசியபோதும், "நா நல்லா இருக்கேன் புள்ள, ஒங்க மாமன் என்ன இத்தாலிக்குக் கூட்டிட்டுப் போய்ட்டு வந்தான்" என்று கத்திச் சொன்னீர்கள். இரண்டு மாதம் கழித்து, பெருமழை தொடங்கிய வாரத்தில் போய்விட்டீர்கள். உங்கள் கடைசிக் காரியத்தைக் கலா அங்கிருந்து என் போன் வழியாகப் பார்த்தாள். அப்போதும் ரோட்டில்தான் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் போன், மற்றக் கையால் வாயைப் பொத்தியிருந்தாள். நான் போனைத் தூக்கிப் பிடித்தபடி, எல்லாரும் மண் போட்டு முடியும்வரை நின்றேன். கை வலித்தது. வலிக்கட்டும் என்று இருந்தது.

அன்றிலிருந்து என் வாய் கொஞ்சம் கெட்டுப்போனது, மச்சான். வெள்ளைக்காரர்களுக்கு யானைக் கதை சொல்லும்போது நடுவில் தடுக்கியது. ஒரு தகப்பனையும் மகளையும் பிரித்து வைத்தது என்னுடைய பச்சைப் பெயின்ட்தானா என்று காசல்ரீயைத் தாண்டும்போதெல்லாம் யோசித்தேன்.

காகிதம் கிடைத்துக் கலா வந்து இறங்கினாள். முதல் இரண்டு நாள் அழுகையில் போனது. மூன்றாம் நாள் அந்தக் கூஜாவை அடுப்பில் வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்பா ஏன் மாமா என்னக் கூப்பிடல?"

சொன்னேன். டொக்டர் சொன்னதிலிருந்து, நாலாவது கோபுரம், சாமியார், வாள், ஜன்னல் வரைக்கும். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, ஒன்றும் கூட்டாமல் சொன்னேன். கூஜா முனகியது, இருமியது, கக்கியது. அவள் மூன்று கோப்பையில் ஊற்றினாள்.

"பச்ச இல்ல மாமா," என்றாள்.

"என்னா பச்ச?"

"ஜன்னல் கதவு. பச்ச பெயின்ட் இல்ல. மண்ணு கலரு."

நான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன்.

"மேல கோட்டைக்குள்ளலாம் நா இருக்கல. கீழ ரோட்டோரத்து வீடு. அண்ணாந்து பாத்தா மதிலு தெரியும், அவ்வளவுதான். மொத ஆறு மாசம் மாடிப்படிக்குக் கீழ, சாமான் போடுற எடத்துல கட்டில். அப்புறம் அந்தம்மாவுக்குத் தனியாத் தூங்கப் பயம் வந்துருச்சு. அவங்க காம்பராவுலயே எனக்கும் கட்டில் போடச் சொன்னாங்க. ஜன்னலோரம். முன்னாடி திராட்சத் தோட்டம்."

"அப்ப அத ஏன் புள்ள காட்டல? பாவி மனுஷன் அதுக்குத்தானே கெடந்து தவிச்சாரு."

"லீவு நாளத் தவிர எனக்கு ஓய்வே அந்தம்மா தூங்குற நேரந்தான் மாமா. முழிச்சா அழுவாங்க. அப்பாவுக்கு மெல்லப் பேசுனா கேக்காது. கத்திப் பேச வெளிய வந்துருவேன்."

"ஒரு படமாவது?"

"படுக்கையில கெடக்குற மனுஷிய எப்புடி மாமா படம் எடுக்குறது?"

அக்கா மகளின் தலையைத் தடவினாள். கலா நீங்கள் வெட்டிய ஓட்டை இருந்த பக்கம் திரும்பிக்கொண்டாள். அதில் இப்போது மரச் சட்டமும் கண்ணாடியும் இருக்கின்றன. கலண்டர் பக்கத்தில் சும்மா தொங்குகிறது.

"கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன்," என்றாள் கண்ணாடியைப் பார்த்தபடி.

"தெரியும். அவருக்கும் தெரியும்."

"ம்," என்றாள். கோபமும் அதில் இருந்தது. இருக்கட்டும், அது அவளுக்கு உரியது. காப்பியை என் பக்கம் தள்ளினாள்.

முனை போன அந்தக் கத்தியை அக்கா எனக்குத் தந்துவிட்டாள். ஓட்டோவின் முன்பெட்டியில் கிடக்கிறது. கேட்கிற வெள்ளைக்காரர்களுக்கெல்லாம், இது என் மச்சான் இத்தாலியில் ஒரு பாறையிலிருந்து உருவிய வாள், முனை மட்டும் அங்கேயே மாட்டிக்கொண்டது என்று சொல்கிறேன். வாய் திரும்ப வந்துவிட்டது. நேற்று ஒருவர் தொட்டுக் கும்பிட்டார்.

கோபுரத்து வீடு பொய், மச்சான். தொண்ணூறு மைல் பொய். சிவனொளிபாத மலை வெட்கம் கெட்ட பொய். தொழிலாளியைத் துரைக்குச் சமமாக மேலே வைத்த ஊர் என்று நீங்கள் நினைத்துக்கொண்டீர்களே, அதைத் திருத்தாமல் விட்டது எல்லாவற்றிலும் பெரிய பொய். என் வாயால் வந்ததில் ஒரு துண்டு மட்டும், எனக்கே தெரியாமல், உண்மையாக இருந்துவிட்டது.

ஜன்னல் இருந்தது.